மொகெலே ஆநிரை கவர்ந்த படலம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் போர்வை மீது ஆணை, போர்வைக்குள் இருக்கும் என் மீதும் ஆணை, எங்கள் மலையில் கல் குவித்துப் புதைத்திருக்கும் என் முன்னோர் அத்தனை பேர் மீதும் ஆணை. ஒரு சொல் கூடியிருந்தால் என் குதிரை ஒரு காலில் நொண்டட்டும். ஒரு சொல் குறைந்திருந்தால் நாலு காலிலும் நொண்டட்டும்.

லெசோத்தோ நாட்டு மலையில், ஹா-ரமாபெலே என்ற ஊரில், மொகெலே என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். வயது அறுபத்தொன்று. எங்கள் நாடு சின்னது என்றாலும் எழுத்தாளர்களுக்குக் குறைவில்லை. மாடு மேய்ப்பவர்கள் அவர்களைவிட அதிகம். வாசகர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால் சொல்ல முடியவில்லை.

மொகெலே எழுதியது ஒரே ஒரு நாவல். பெயர் ‘நெஞ்சக் குன்றின் நிழலோசை’. பதினாலு அத்தியாயம். ஐந்நூறு பிரதி அச்சானதில் பதினொன்று வெளியே போயிற்று. அச்சகத்துக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது மட்டும் அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டது. மீதியைச் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் மனைவி மாலெஃபாவின் கோழி அந்த அடுக்கில்தான் அடைகாக்கும், வேறெங்கும் உட்காராது. அந்த நூலிலிருந்து இந்த உலகத்துக்கு உயிருள்ளது ஏதாவது கிடைத்ததென்றால் அது குஞ்சுகள்தான்.

இப்படி இருக்கையில், ஒரு குளிர்காலத்தில் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. மொழி வளர்ச்சிக் குழு அவருடைய நாவலைப் பரிசுக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. மொகெலே கடிதத்தை நின்றுகொண்டு ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார்.

“லெஃபா அப்பா, அழுவுறீங்களா?” என்றாள் மாலெஃபா; மகன் லெஃபாவின் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

“பரிசு.”

“எதுக்கு?”

“என் புத்தகத்துக்கு.”

“படிச்சிட்டாங்களாமா?”

“அப்படி ஒண்ணும் எழுதலை. ஆனா கொடுக்குறாங்க.”

கடிதத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது. விழா ஊர்த்தலைவியின் மன்றத்தில் நடக்கும். மரபுப்படி, பரிசு பெறுபவரின் புகழை ஊர்ப் புலவர் முழங்க வேண்டும். புகழ்ப்பாட்டு இல்லாதவருக்குப் பரிசு இல்லை.

மொகெலேயின் முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் ஊரில் ஆண் என்று பிறந்தவனுக்கெல்லாம் ஒரு புகழ்ப்பாட்டு உண்டு. ஆளாகும் சடங்கு முடித்து மலையிலிருந்து இறங்கும்போதே தன்னைப் பற்றித் தானே கட்டிக்கொண்டு வருவான். மொகெலே அந்த வயதில் கிறித்தவப் பள்ளியில் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தார். நாட்டின் இலக்கியத்தைத் தூக்கி நிறுத்தப் போகிறவருக்குச் சொந்தமாக நாலு வரி கிடையாது. அந்த நாலு வரி எப்படி அமைகிறதோ அதுதான் பெயர். சாகிற வரைக்கும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். செத்தபிறகு அதைச் சொல்லித்தான் மண் தள்ளுவார்கள்.

புலவர் ரான்சோ. சுரங்கத்தில் முப்பது வருஷம் தங்கம் தோண்டிவிட்டு நுரையீரலில் தூசியோடு திரும்பியவர். எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. எட்டுத் தலைமுறைத் தலைவர்களின் புகழ் அவர் நாக்கில் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் எந்தப் போரில் முதுகு காட்டினார்கள் என்பதும் அதே நாக்கில்தான் இருந்தது. புகழ்ப்பாட்டு என்றால் குறையும் சேர்ந்ததுதான். பாடத் தொடங்கிவிட்ட புலவரை அரசரே ஆனாலும் நிறுத்த முடியாது.

மொகெலே ஒரு குடம் சோளப் பீரோடு போய் உட்கார்ந்தார்.

“என்னைப் பத்தி நல்லதா ஒரு பாட்டு வேணும் ரான்சோ.”

“பாடிட்டாப் போச்சு வாத்தியாரே. என்ன செஞ்சீங்க?”

“நாவல் எழுதினேன்.”

“அது சரி. என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன்.”

“பதினாலு அத்தியாயம்யா! ஏழு வருஷம்!”

“ஏழு வருஷம் உக்காந்திருந்தீங்க. உக்காந்திருந்தவனை எப்படிப் பாடுறது? ‘நாற்காலியை வென்றவனே’ன்னா? ஆத்தைத் தாண்டினீங்களா, யாரையாவது அடிச்சீங்களா, அடி வாங்கினீங்களா? மாடு கவர்ந்தீங்களா?”

“நீதான் புலவனாச்சே, கொஞ்சம் கற்பனையா...”

ரான்சோ குடத்தைக் கீழே வைத்தார். குடத்தை அவர் கீழே வைப்பது அபூர்வம். “ஒண்ணை நூறாக்குவேன், வாத்தியாரே. ஒண்ணுமில்லாததை ஒண்ணாக்க மாட்டேன். அது உங்க தொழில்.”

விழாவுக்குப் பதினாறு நாள் இருந்தது. மொகெலே மூன்று நாள் யோசித்தார். கடைசியில், முன்னோர் புகழெல்லாம் எதில் தொடங்குகிறதோ அதிலேயே தானும் தொடங்குவது என்று முடிவு செய்தார். ஆநிரை கவர்வது.

காவல்துறை வம்பு வராமலிருக்க வேண்டும். அதற்கு ஏற்ற இடம் கணவாய்க்கு அந்தப்புறம் இருந்த சம்பந்தி கோபானோவின் மாட்டுக்கொட்டில். கோபானோ பெரிய மனிதர். பெரிய மனிதர் மாட்டைக் கவர்ந்தால் பாட்டும் பெரிதாக வரும். பாட்டு முடிந்ததும் மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை கோபானோவின் ஊரில் ஒரு சாவு. அடக்கத்துக்கு அறுத்த மாட்டைச் சாப்பிட மேய்ப்பர்கள் உட்பட எல்லோரும் போய்விடுவார்கள். தனக்கு வயிற்றுவலி என்று மனைவியையும் மருமகளையும் அனுப்பிவிட்டு, மொகெலே வெளியூர் வேலைக்குப் போயிருந்த மகனின் கனத்த போர்வையைப் போர்த்துக்கொண்டு, ஒரு தடியும், களத்தில் தோன்றும் உணர்வுகளைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு மலையேறினார். பட்டப்பகல். முந்தின மூன்று நாளும் பெய்த பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

கொட்டிலில் முப்பது நாற்பது மாடு. மொகெலே வாசல் கம்பை உருவினார். செம்பழுப்பு நிறம், பாதி முகம் வெள்ளை, இடது கொம்பு சாய்ந்த ஒரு பசு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு, கூப்பிடாமலே வெளியே வந்தது. அவர் கயிற்றைப் போட்டார். பசு நடந்தது. என்ன நடை! கணவாய் வழி அதற்கு அத்துப்படியாக இருந்தது. எந்தப் பாறைக்குப் பின்னால் பள்ளம், எந்த இடத்தில் ஓடை உறைந்திருக்கும் என்று தெரிந்து நடந்தது. மொகெலே கயிற்றின் மறுமுனையில் இழுபட்டார். இரண்டு இடத்தில் விழுந்தார். மூன்று இடத்தில் கல்லின்மேல் உட்கார்ந்து நோட்டில் எழுதினார்: ‘எதிரியின் பசு என் ஆண்மைக்கு அடங்கி வருகிறது.’ அவர் எழுதி முடிக்கும் வரை பசு நின்று காத்திருந்தது. ஊர் வந்ததும் அவருக்கு முன்னால் அவர் வீட்டுக் கொட்டிலுக்குள் போய், வலது மூலையில், சுவரில் முதுகைத் தேய்த்துப் படுத்துக்கொண்டது.

‘எவ்வளவு சாதுவான மாடு’ என்று நினைத்தார் மொகெலே.

மறுநாள் காலையில் கோபானோ ஆறு குதிரைக்காரர்களோடு பனியில் தடம் பார்த்துக்கொண்டே வந்தார். தடம் எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் கணவாய்க்கே ஓடிப்போய், அவர்களோடு சேர்ந்து தடத்தைப் படித்துக்கொண்டே இறங்கினோம். மலைக்காரர்களுக்குத் தடம் படிக்கச் சொல்லித்தர வேண்டுமா?

“இந்தா பாரு, மாடு முன்னால. திருடன் பின்னால.”

“ஓட்டிட்டு வந்திருக்கான்.”

“எங்க ஓட்டினான்? குதிகாலைப் பாரு, ஊன்றி ஊன்றிச் சறுக்கியிருக்கு. மாடுதான்யா இவனை ஓட்டிட்டு வந்திருக்கு!”

“இங்க விழுந்திருக்கான். குப்புற. மூக்கு அச்சு தெரியுது பாரு.”

“இங்க உக்காந்திருக்கான். மாடு நின்னு சாணி போட்டிருக்கு. ரொம்ப நேரம் உக்காந்திருக்கான்யா, சாணி ரெண்டு தடவை.”

“கல்லு மேல உக்காந்து என்னடா செஞ்சிருப்பான்?”

ஒருவன் பனியிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தான். கோபானோ அதை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக, “ஐயோ, சம்பந்தி,” என்றார்.

மொகெலே எழுதியதில் இரண்டு ஊரும் முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை விடாமல் படித்தது பனியில் கிடந்த அந்தத் தடம் ஒன்றைத்தான்.

தடம் கொட்டில் வாசலில் முடிந்தது. மாலெஃபா வெளியே வந்து பசுவைப் பார்த்தாள். முதலில் சந்தோஷமாக, “அடியே சாய்ஞ்ச கொம்பு, நீ எங்கடி இங்க?” என்றாள். பிறகு அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று.

விஷயம் இதுதான். அது மொகெலேயின் சொந்தப் பசு. அவர் கொட்டிலில் பிறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மகன் லெஃபாவுக்குப் பெண் எடுத்தபோது கோபானோவுக்குப் பரிசமாகப் போன இருபது மாட்டில் ஒன்று. பரிசம் பேசி மாடு ஓட்டிய அன்றைக்கு மொகெலே ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தார். எங்கள் வழக்கத்தில் பரிசமாட்டை மாப்பிள்ளையின் அப்பா திருப்பி எடுத்துக்கொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உங்கள் பெண் எங்களுக்கு வேண்டாம்.

மருமகள் மாபோலோ குடிசைக்குள் போனாள். திரும்பி வரும்போது தலையில் மூட்டை இருந்தது. “மாமா, போறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பனி உருகுறதுக்குள்ள சறுக்கிக்கிட்டே போய்ச் சேர்ந்துடுவேன்,” என்றாள். குரலில் கிண்டல் இருந்தது, கண்ணில் இல்லை.

மன்றம் கூடியது. தலைவி மாதெபெலோ அம்மா கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“வாத்தியாரே, இதெல்லாம் என்ன?”

“இலக்கியத்துக்காக அம்மா.”

“இலக்கியத்துக்கு மாடு எதுக்கு? காகிதம்தானே தின்னும்?”

கோபானோ எழுந்தார். கோபம் தணிந்து, வேதனையாக இருந்தது முகம். “தலைவியம்மா, நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். சம்பந்தி, தெரிஞ்சு எடுத்தீங்களா, தெரியாம எடுத்தீங்களா? தெரிஞ்சு எடுத்திருந்தா என் பொண்ணை இப்பவே கூட்டிட்டுப் போறேன். மிச்சப் பத்தொன்பதையும் நீங்களே வந்து ஓட்டிக்கலாம்.”

மன்றம் மொத்தமும் மொகெலேயைப் பார்த்தது. தெரிந்துதான் எடுத்தேன் என்றால் அவர் துணிச்சல்காரர், எட்டு மலைக்கும் பயப்படாதவர். குடும்பம் உடையும், ஆனால் பாட்டுக்கு அதைவிட நல்ல முதல் வரி கிடையாது. தெரியாது என்றால்? எங்கள் மலையில் ஒருவனுக்குப் பெற்ற பிள்ளையின் முகம் மறக்கலாம். இருட்டில் வந்து இருமினாலும் தன் மாடு தெரிந்தாக வேண்டும். இந்தப் பசுவோ ஐந்து வருஷம் அவர் எழுதுகிற ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் அத்தியாயத்தின் முதல் கையெழுத்துப் பிரதியைத் தின்றதும் அதுதான்.

மொகெலே மருமகளைப் பார்த்தார். மூட்டை இன்னும் அவள் தலையில்தான் இருந்தது. அவருடைய நாவலை இந்த ஊரில் மூன்றாம் அத்தியாயம் வரைக்கும் படித்தவள் அவள் ஒருத்தி. நாலாவதை ஏன் படிக்கவில்லை என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொல்லிப் புண்படுத்தியதில்லை.

“தெரியலை,” என்றார்.

“என்ன?”

“என் மாடுன்னு எனக்குத் தெரியலை. இப்பவும், நீங்க சொல்றதாலதான் நம்புறேன்.”

ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் செய்கிற மாதிரி. யாரோ சிரிப்பை அடக்கப் போய் மூக்கால் சிரித்தார்கள். கோபானோ மெதுவாக உட்கார்ந்தார். மாபோலோ மூட்டையை இறக்கி வைத்தாள். தலைவி தீர்ப்புச் சொன்னார்: மாடு திரும்பிப் போகட்டும், பெண் இருக்கட்டும், சாவன்று கொட்டில் திறந்த குற்றத்துக்குச் சாவு வீட்டுக்கு ஒரு செம்மறி. மன்றத்தின் கடைசி வரிசையில் ரான்சோ கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் மொகெலேக்கு உண்மையாகவே வயிற்றுவலி வந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி ஒரு குடத்தோடு போனார்.

“ரான்சோ, மாட்டை மட்டும் விட்டுடு.”

“மாட்டை எடுத்துட்டா உங்ககிட்ட என்ன மிஞ்சும் வாத்தியாரே?”

“ஊரே சிரிக்கும்யா. காலம் பூரா அதே பேரு நிக்கும்.”

“நிக்கும். வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் வாயைத் திறக்கலை. பரிசும் வராது, பேரும் வராது. பழையபடி சும்மா இருக்கலாம்.” குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதை மட்டும் வச்சிட்டுப் போங்க,” என்றார்.

விழா அன்று தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி, கழுத்துப்பட்டையும் டேப் ரெக்கார்டருமாக வந்தார். நாவலைக் கையில் ஏந்தி, “கனமான படைப்பு,” என்று எடை சொன்னார். மக்காச்சோளக் களியும் கீரையும் ஒரு மாட்டு இறைச்சியும் தயாராக இருந்தன. ரான்சோ நடுவில் வந்து தடியை ஊன்றி நின்றார்.

“மொகெலே வாத்தியாரே, பாடட்டுமா?”

முந்நூறு பேர். மொகெலே எழுந்தார். போர்வையின் ஊசியைக் கழற்றினார், திரும்பக் குத்தினார். ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதியது ஒரு பக்கம். பனியில் மூக்குக் குத்தி விழுந்தது ஒரு பக்கம். ஒரு வரிப் பாட்டும் இல்லாதவனாகச் சாவதைவிட...

“பாடு,” என்றார்.

ரான்சோ பாய்ந்தார்.

“யாரது பனிமேல் வருவது?
அறுபத்தோரு குளிர்காலம் அசையாத பாறை
இன்று எழுந்து நடக்கிறது, வழிவிடுங்கள்!
மொகெலே! மைக்கூட்டின் மகனே!
ஊர் அழுத நாளில் மலை தாண்டிய கழுதைப்புலியே!
கொட்டிலைத் திறந்தான், எதிரி இல்லை;
கோலை உயர்த்தினான், அடிக்க ஆளில்லை.
கொம்பு சாய்ந்தவள் திரும்பிப் பார்த்தாள்,
‘வந்தாயா கிழவா, வீட்டுக்குப் போகலாம்’ என்றாள்.
அவள் முன்னே நடந்தாள், வீரன் பின்னே நடந்தான்;
அவள் நின்றாள், அவன் விழுந்தான்;
அவன் எழும்வரை அவள் அசைபோட்டாள்.
ஐந்து ஆண்டு ஜன்னலில் நின்றவளை அறியாதவனே,
மற்றதெல்லாம் அறிந்தவனே,
தன் பசுவையே கவர்ந்த மாவீரனே!”

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். கோபானோவின் கண்ணில் தண்ணீர். மொகெலே இறைச்சிச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ரான்சோ இருமினார், துப்பினார், தடியை மறுபடி உயர்த்தினார்.

“சிரித்தீர்களா? இப்போது கேளுங்கள்!
மருமகள் மூட்டை கட்டி நின்றபோது
‘அறியேன்’ என்றான் இவன்.
மாடறிந்த ஆண்களே, மந்தையறிந்த ஆண்களே,
உங்களில் எவன் அந்தச் சொல்லைச் சொல்வான்?
ஈட்டிக்கு முன் நின்றவர்கள் இருக்கிறார்கள்,
கல்லறைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.
சிரிப்புக்கு முன் நின்றவன்
இவன் ஒருவனே, மொகெலே!”

இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மட்டும், இயந்திரம் சுழல்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு ரான்சோவை இன்னும் இரண்டு முறை பாடச் சொன்னார். நாவலை நாற்காலியில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புப் பாடநூலில் அந்தப் புகழ்ப்பாட்டு வந்தது. இயற்றியவர் பெயர் ரான்சோ. அவரால் அதைப் படிக்க முடியவில்லை. தேர்வில் ‘தன் பசுவையே கவர்ந்தவர் யார்?’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. இப்படியாக மொகெலே எங்கள் நாட்டு இலக்கியத்தில் நிலையான இடம் பிடித்தார், எழுதி அல்ல, எழுதப்பட்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அவரைக் கண்டால் கூட்டமாக நின்று முழுப் பாட்டையும் ஒப்பிப்பார்கள். முதல் மாதம் அவர் வேறு வழியாகச் சுற்றிப் போனார். பிறகு நின்று கேட்க ஆரம்பித்தார்.

“கொம்பு சாய்ந்தவள்ங்கற இடத்துல மூச்சு விடாதீங்கடா,” என்று திருத்துவார். “அங்க விட்டா பசு விழுந்த மாதிரி ஆயிடும். விழுந்தது நான். மறுபடி சொல்லுங்க.”

மொழி வளர்ச்சிக் குழுவின் பதிவேட்டில் மட்டும், ரான்சோ பாடிய அந்த ஆண்டு தகுதியான நூல் எதுவும் வராததால் யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை, எந்த ஊரிலும் விழா நடத்தவில்லை என்று இருக்கிறது. என் குதிரை நாலு காலிலும் நேராகத்தான் நடக்கிறது.